தென்சுவர் மட்டும் போதாது: வேலூர் அருகே ஒரு பள்ளியின் சூரிய கடிகாரம்

வேலூருக்கு மேற்கே, பாலாற்றை ஒட்டிய ஓர் ஊரின் பள்ளியில் தென்சுவரில் ஒரு சூரிய கடிகாரம் பதித்தார்கள். மார்கழி முதல் வாரம், காலை ஒன்பது மணி சுமாருக்குத் திறப்பு விழா. அன்றைக்குக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தபோது ஐந்து நிமிடம்தான் வித்தியாசம். எல்லோருக்கும் திருப்தி. மாசி பிறக்கிற சமயத்தில் அதே காலை வேளையில் அது கிட்டத்தட்ட 28 நிமிடம் பிந்தியிருந்தது. மார்ச் நடுவில் பலகை முழுக்க நிழலுக்குள் போனது. கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்தபோது அந்தச் சுவரில் எங்கேயுமே வெயில் இல்லை.

கம்பி வளைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பலகை நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். எதிரே புதிதாக மரமோ கட்டடமோ வரவில்லை. கடிகாரத்தை வந்து பார்க்கும்படி என்னை அழைத்த தலைமையாசிரியை முதலில் கேட்டது இதைத்தான்: "சார், மார்கழியில சரியாத்தானே இருந்தது, அப்புறம் எப்படிக் கெட்டுப்போச்சு?"

மார்கழியிலும் அது சரியாக இல்லை என்பதுதான் விடை. அன்று இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. பிழைகளைப் பிரித்துப் பார்த்து, கடைசியில் வேறு சுவரில் வேறு விதமாகக் கடிகாரத்தை அமைத்தது வரை இங்கே எழுதுகிறேன். வட ஆற்காட்டுப் பக்கம் எந்த ஊரில் சுவர்க் கடிகாரம் வைத்தாலும் இதே கேள்விகள் வரும்.

ஆசை வந்த இடம்

பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டமான கல், அதில் எண்கள் செதுக்கியிருக்கும். மேலே இருக்கும் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணின் மேல் விழுகிறதோ அதுதான் மணி. பேட்டரியும் இல்லை, சாவியும் இல்லை. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், நம் பள்ளியிலும் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று சொலவடையில் வரும் அதே கோயில்தான். கடைசியில் இந்தப் பள்ளிக்கும் ஒரு மதில்தான் கைகொடுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கல்லில் செதுக்க ஆள் கிடைக்கவில்லை. எங்கேயோ கிடைத்த ஒரு வெளிநாட்டு மாதிரிப் படத்தை வைத்து ஒரு பட்டறையில் பலகை செய்து, கம்பி வைத்துப் பற்றவைத்து வாங்கி வந்தார்கள். வகுப்பறைக் கட்டடத்தின் தென்சுவரில், ஜன்னல்களுக்கு மேலே நீளமாக ஓடும் சன்ஷேடுக்கு நான்கு அடி கீழே பதித்தார்கள்.

லண்டனுக்குச் செய்த கம்பி

சூரிய கடிகாரத்தின் உயிரே அந்தக் கம்பியின் சரிவில்தான் இருக்கிறது. கம்பி பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் நிழல் ஒரு மணிக்கு இவ்வளவு என்று வருடம் முழுக்க ஒரே கணக்கில் நகரும். வேலூர் சுமார் 12.9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கே குன்று இருந்தால் கண்ணிலேயே படாது. கம்பியும் அதே 13 டிகிரிதான் சாய வேண்டும். தென்சுவரில் பதித்தால் அது ஏறக்குறைய நேராக வெளியே நீட்டிக்கொண்டு, முனை மட்டும் கொஞ்சம் கீழே தணிந்திருக்கும்.

பள்ளியில் இருந்த கம்பி சுவரோடு ஒட்டினாற்போல் 51 டிகிரிக்கும் மேலாகக் கீழே தொங்கியது. கோணமானி வைத்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது லண்டன் அட்சரேகைக்கு உரிய சரிவு என்று. மணிக்கோடுகளும் அந்தக் கணக்குக்கே கீறப்பட்டிருந்தன.

அப்படிப்பட்ட கம்பியை இங்கே கொண்டுவந்து வைத்தால் அது வருடம் முழுக்க ஒரே அளவில் பிழை காட்டாது. மாதத்துக்கு ஒரு மாதிரி காட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் 21 வாக்கில் சூரியனின்படி காலை 9 மணி ஆகும்போது அந்தப் பலகை 9:17 காட்டும். அப்போது நம் கைக்கடிகாரத்தில் 9:12. அதனால்தான் திறப்பு விழாவில் ஐந்து நிமிட வித்தியாசம். அன்றைக்கே பிற்பகல் மூன்று மணிக்கு யாராவது பார்த்திருந்தால் 28 நிமிடம் பிந்தியிருப்பதைக் கண்டிருப்பார்கள். பிப்ரவரி 12 வாக்கில் காலை 9 மணிக்குப் பலகை தற்செயலாகச் சூரிய மணியைச் சரியாகவே காட்டும். ஆனால் வேலூரில் சூரியன் கைக்கடிகாரத்துக்கு மிகவும் பின்தங்குகிற சமயம் அது. ஆகவே பலகை 28 நிமிடம் பிந்தியதாகத் தெரிந்தது.

இந்தப் பின்தங்கலை இங்கேயே விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் கம்பியைச் சரியாக வைத்தாலும் இது போகாது. நம் கடிகாரங்கள் எல்லாம் 82.5 டிகிரி தீர்க்கரேகையில் ஓடுகின்றன. வேலூர் 79.1 டிகிரியில் இருக்கிறது. சூரியன் ஒரு டிகிரி கடக்க நான்கு நிமிடம். ஆக நமக்கு உச்சிப்பொழுது பதின்மூன்றரை நிமிடம் தாமதம். (1906இல் இந்தியத் திட்ட நேரம் வருவதற்கு முன் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. அந்தக் கணக்கில் வேலூர் நாலரை நிமிடம்தான் பின்.) அதன் மேல் நேரச் சமன்பாடு வேறு இருக்கிறது. பூமியின் பாதை முழு வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து சூரியனை நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தவும் பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தவும் வைக்கும். இரண்டையும் கூட்டினால் வேலூரில் உச்சிப்பொழுது நவம்பர் 3 வாக்கில் 11:57க்கு வரும். பிப்ரவரி 11 வாக்கில் 12:28க்கு வரும்.

வெயிலே படாத கோடை

சரி, கம்பியை மாற்றிவிட்டால் போதுமா? போதாது. ஜூனில் வெயிலே விழவில்லை என்பதற்குக் கம்பி காரணம் இல்லை.

முதலில் சன்ஷேட். அது இரண்டு அடி வெளியே நீட்டியிருந்தது. டிசம்பரில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சுமார் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது அந்தச் சன்ஷேடின் நிழல் சுவரில் இரண்டே முக்கால் அடிக்கு இறங்கும். நான்கு அடி கீழே இருந்த பலகைக்குத் தொந்தரவு இல்லை. பிப்ரவரி நடுவில் உச்சிவேளை நிழல் நான்கு அடியைத் தொட்டுவிடும். மார்ச் 20, பகலும் இரவும் சமமாகும் நாளில், எட்டரை அடிக்கும் மேலே இறங்கும். அதுவும் அன்று காலை முதல் மாலை வரை நிழலின் விளிம்பு அதே இடத்தில் நிற்கும், ஏறாது, இறங்காது. சூரியன் அன்று நிலநடுக்கோட்டின் தளத்திலேயே நகர்வதால் வரும் அழகான விளைவு இது. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் கடிகாரத்துக்கு அது நாசம்.

சன்ஷேடை இடித்தே தள்ளினாலும் ஏப்ரல் கடைசியில் தென்சுவர் வெயிலை இழந்துவிடும். இதைத்தான் வெளிநாட்டு மாதிரிகள் நமக்குச் சொல்வதில்லை. லண்டனில் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர் மேலே வராது; உச்சிவேளையில் எப்போதும் தெற்கேதான் இருக்கும். அதனால் அங்கே தென்சுவர்தான் ராஜா. வேலூரில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதற்குப் பிறகு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்பவும் உச்சிக்கு வரும். இடையில் உள்ள ஏறக்குறைய நான்கு மாதம் காலையிலும் வடக்கே, மதியமும் வடக்கே, மாலையிலும் வடக்கேதான்.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும். வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் தென்சுவர் முழுநாளும் நிழலில் இருக்கிறது. வெயில் வாங்குவது வடசுவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் சொன்னாலும் முதலில் நம்ப மறுக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொள்கிறார்கள்.

நான்கு திசையும் என்ன தரும்

பள்ளிக்குள் நான்கு பக்கச் சுவர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

கிழக்குச் சுவருக்கு ஒரு பெரிய நன்மை: சூரியன் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் உதயம் முதல் உச்சி வரை வருடத்தில் எல்லா நாளும் வெயில் படும். கம்பியும் சுவருக்குள் நுழைய வேண்டாம்; சுவருக்கு இணையாக, ஒரே இடைவெளியில், வடகோடி 13 டிகிரி உயர்ந்து நிற்கும். மணிக்கோடுகள் விசிறி மாதிரி விரியாமல் எல்லாமே கம்பிக்கு இணையாக ஓடும். கம்பி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தால், 6 மணிக்கோடு கம்பிக்கு நேர் பின்னால் விழும். அதிலிருந்து 7 மணிக்கோடு 2.7 செ.மீ. கீழே, 8 மணி 5.8, 9 மணி 10, 10 மணி 17.3, 11 மணி 37.3 செ.மீ. கீழே. பதினொன்றரைக்கு 76 செ.மீ. பன்னிரண்டு மணிக்குக் கோடே கிடையாது. அந்த நேரத்தில் வெயில் சுவரைத் தொட்டபடி நேர் கீழே ஓடிவிடும். மேற்குச் சுவர் இதன் கண்ணாடி பிம்பம், பிற்பகலுக்கு மட்டும். இந்தப் பள்ளியில் கிழக்குப் பக்கம் ஒரு பெரிய புளியமரம் பத்து மணி வரை வெயிலை மறைத்தது. மேற்கே சுவரே இல்லை, வராந்தா. ஆகவே இரண்டையும் விட்டோம். மரத்தை வெட்டலாமே என்று ஒருவர் சொன்னார். தலைமையாசிரியை மறுத்துவிட்டார், நானும் அதையே சொல்லியிருப்பேன்.

தென்சுவருக்கு இங்கே வேறொரு சிறப்பு இருக்கிறது. வேலூரில் செங்குத்தான சுவர், நிலநடுக்கோட்டுத் தளத்திலிருந்து 13 டிகிரிதான் விலகியிருக்கிறது. அதனால் மணிக்கோடுகள் கிட்டத்தட்டச் சம இடைவெளியில் விழும். உச்சிக்கோட்டிலிருந்து ஒரு மணிக்கு 14.6 டிகிரி, இரண்டு மணிக்கு 29.4, மூன்றுக்கு 44.3, நான்குக்கு 59.4, ஐந்துக்கு 74.6. இதையே தரையில் படுக்கவைத்துக் கீறினால் 3.4, 7.4, 12.6, 21.2, 39.8 என்று உச்சிவேளைக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சின்னப் பிள்ளைகளால் படிக்க முடியாது. தரைக் கடிகாரம் வடதேசங்களுக்கு நல்லது. தமிழ்நாட்டுக்குச் சுவர்தான் பொருத்தம் என்பது என் திடமான கருத்து.

செப்டம்பர் 23 முதல் மார்ச் 20 வரை தென்சுவரில் நாள் முழுக்க வெயில். அதன் பிறகு நாளுக்கு நாள் குறையும். சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14 அன்று, கைக்கடிகாரப்படி காலை 9:20 சுமாருக்குத்தான் தென்சுவரில் வெயில் ஏறும். பிற்பகல் மூன்று மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். பத்து நாளில் முழுதாகப் போய்விடும்.

அப்போது அந்த வெயில் எங்கே போகிறது? வடசுவருக்கு. ஏப்ரல் 14 அன்று தென்சுவருக்குக் கிடைக்காத காலை வெயிலும் மாலை வெயிலும் வடசுவரில் விழுகின்றன. ஏப்ரல் 24க்குப் பிறகு உதயம் முதல் அஸ்தமனம் வரை அங்கேதான். லண்டனில் வடசுவருக்கு வருடத்தின் மிக நீண்ட நாளில்கூடச் சூரியனின்படி காலை 7:21 வரையும், மாலை 4:39க்குப் பிறகும்தான் வெயில். அதனால் அங்கே வடசுவர்க் கடிகாரம் ஒரு வேடிக்கைப் பொருள். இங்கே அப்படி இல்லை. மேகத்தைக் கணக்கில் சேர்க்காமல் வருடம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால், பகல் வெயிலில் பத்தில் ஆறு பங்கு தென்சுவருக்கும் நான்கு பங்கு வடசுவருக்கும் வருகிறது. வடகிழக்குப் பருவமழை மேகங்கள் வருவதெல்லாம் தென்சுவரின் காலத்தில்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், வடசுவரை ஒதுக்கிவிட்டு இங்கே கடிகாரம் வைப்பதில் அர்த்தமே இல்லை.

ஒரே கம்பி, இரண்டு முகம்

வகுப்பறைக் கட்டடத்தின் வடசுவரிலும் அதே சன்ஷேட் ஓடியது. ஜூன் 21 உச்சிவேளையில் சூரியன் வடக்கே 79 டிகிரிக்கு மேல் நிற்கும். இரண்டு அடி சன்ஷேட் பத்தே முக்கால் அடிக்கு நிழல் போடும். ஆகவே கட்டடத்தையே மறந்துவிட்டு வெளியே வந்தோம். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் கிழக்கு மேற்காக ஓடும் உள்மதில் ஒன்று இருந்தது. ஆறு அடி உயரம். ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு, பூச்சோடு பத்து அங்குலம். இரண்டு பக்கமும் பள்ளிக்குள்ளேயே இருந்தது. இரண்டு பக்கமும் திறந்த வெளி.

தனி மதிலில் ஒரு வசதி உண்டு. பூமியின் அச்சுக்கு இணையான ஒரு நேர்க்கம்பியை மதிலுக்குள் ஊடுருவி நுழைத்தால், தென்பக்கம் அது 13 டிகிரி தணிந்து வெளியே வரும். வடபக்கம் அதே கம்பி 13 டிகிரி உயர்ந்து வெளியே வரும். இரண்டு பக்கத்துக்கும் தேவையான சரிவு அதுதான். மணிக்கோடுகளும் இரண்டு பக்கமும் அதே கோணங்கள்தான். ஒரு பக்கத்துக்குக் கணக்குப் போட்டால் மறுபக்கத்துக்கும் ஆயிற்று.

மதில் உண்மையிலேயே நேர் கிழக்கு மேற்கா என்பது அடுத்த கேள்வி. திசைகாட்டியை நான் நம்பவில்லை; தூண்களுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி அதைத் திருப்பிவிடும். மதில் வகுப்பறைக் கட்டடத்துக்கு இணையாக ஓடுகிறது என்பதை டேப் பிடித்து உறுதி செய்துகொண்டு, கட்டடத்தின் கிழக்குச் சுவரைச் சூரியனிடமே கேட்டோம். கிழக்குச் சுவர் நேர் கிழக்கே பார்த்திருந்தால், வெயில் அதைவிட்டு விலகும் கணம்தான் உச்சிப்பொழுது. தை மாதம், ஜனவரி 20 வாக்கில் அது வேலூரில் 12:24, 12:25. சுவர் எட்டு டிகிரி தெற்கே திரும்பியிருந்தால் வெயில் 12:43 வரை நிற்கும். ஒரு டிகிரிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் காட்டும் இந்த முறை, கையில் ஒரு கடிகாரம் மட்டும் வைத்திருப்பவருக்குப் போதுமான துல்லியம். இங்கே கணக்கு சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிட வித்தியாசத்துக்குள் வெயில் விலகியது. மதில் ஒரு டிகிரிகூடத் திரும்பவில்லை. கட்டியவருக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் சொன்னேன்.

கம்பியைப் பதிக்க வந்த மேஸ்திரியிடம் 13 டிகிரி என்று சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார். "டிகிரியெல்லாம் வேணாம் சார். அடிக்கு எத்தினி இன்ச் வாட்டம்னு சொல்லுங்க."

"அடிக்கு ரெண்டே முக்கால் இன்ச், மேஸ்திரி."

"அப்டி சொல்லுங்க!" என்று டியூப் லெவலைக் கையில் எடுத்தார். பத்து அங்குல மதிலுக்கு இரண்டேகால் அங்குலம் வரும். தென்பக்கத் துளையைத் தரையிலிருந்து ஐந்து அடி உயரத்தில் குறித்து, டியூப் லெவலால் அதே மட்டத்தை வடபக்கம் எடுத்து, அதற்கு இரண்டேகால் அங்குலம் மேலே வடபக்கத் துளையைக் குறித்தார். இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் கம்பி இடமோ வலமோ விலகவில்லை என்று பார்த்துக்கொண்டார். 10 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. தென்பக்கம் 15 செ.மீ. வெளியே, வடபக்கம் 12 செ.மீ. இரண்டு முனையிலும் ஒரு சிறிய எஃகு உருண்டை. பிள்ளைகளின் முகத்தில் கம்பி குத்திவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. அதனுடைய நிழலே மாதத்தையும் காட்டும்: தென்பக்கம் உச்சிவேளையில் உருண்டையின் நிழல் டிசம்பரில் கம்பிக்கு 23 செ.மீ. கீழே விழும், மார்ச் 20இல் 67 செ.மீ. கீழே. யாரும் கம்பிக்கு அடியில் ஓடாதபடி மதிலை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்குச் செடிப் பாத்தியும் போட்டோம். மதிலின் தலைப்பில் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் விளிம்பை நான்கு அடி நீளத்துக்கு மட்டும் வெட்டி எடுத்தோம். இல்லையென்றால் அதுவே ஜூன் உச்சியில் முக்கால் அடிக்கும் மேலே நிழல் போட்டிருக்கும்.

பூச்சு விஷயத்தில்தான் நேரம் போனது. மேஸ்திரி மட்டக்கட்டை வைத்து ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துப் பூசியிருந்தார். கண்ணுக்குக் கண்ணாடி போல இருந்தது. மார்ச்சில் உச்சிவெயில் சுவரை 13 டிகிரியில் உரசிக்கொண்டு இறங்கியபோது, கரண்டி போன தடம் ஒவ்வொன்றும் வரிவரியாக எழுந்து நின்றது. ஒரு மில்லிமீட்டர் மேடு நாலு மில்லிமீட்டருக்கும் மேலே நிழல் போடும் வெயில் அது. மணல் பருக்கை ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வால். மேஸ்திரி அதைக் கிட்ட போய்ப் பார்த்து, விரலால் தடவி, "இத்தினி வருசத்துல வெயிலு இப்டி என் பூச்ச காட்டிக் கொடுத்ததில்ல சார்" என்றார். தேய்த்து, ஒயிட் சிமெண்ட் பட்டி இரண்டு கை பார்த்து, மறுபடியும் அதே உச்சிவேளையில் சரிபார்த்த பிறகுதான் கோடு கீறினோம். மேகமூட்டமான நாளில் பூச்சைச் சரிபார்ப்பதில் பயனில்லை என்று இதைச் செய்ய நினைக்கும் எல்லோருக்கும் சொல்லுவேன்.

சூரியன் மதில் தாண்டும் நேரம்

இரண்டு முகத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. தென்முகத்தில் காலை மணிகள் இடப்பக்கம், நிழல் இடமிருந்து கீழே வந்து வலப்பக்கம் ஏறும். அதாவது வீட்டுக் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. வடமுகத்தில் காலை 6 வலப்பக்கம், உச்சி கீழே, மாலை 6 இடப்பக்கம். நிழல் வீட்டுக் கடிகாரம் சுற்றும் திசையிலேயே போகும். எண்களை எழுதும் பெயின்டர் ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை அப்படியே எழுதிவிடாமல் கூடவே நிற்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 10 வாக்கில் சூரியன் பிற்பகல் 3:44 சுமாருக்குத் தென்முகத்திலிருந்து வடமுகத்துக்குத் தாண்ட வேண்டும் என்று கணக்கு சொன்னது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் தெற்கே, பாதிப்பேர் வடக்கே. தென்பக்கம் நிழல் நீண்டுகொண்டே போய் மங்கி, சுவர் முழுக்க ஒருமாதிரி சாம்பல் நிறமாகி, "போச்சு!" என்று கத்தினார்கள். வடபக்கம் இருந்தவர்களுக்கு உடனே எதுவும் தெரியவில்லை. சூரியன் முழு வட்டாகத் தாண்ட வேண்டுமே. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியின் நிழல் மெல்லிய கீற்றாக இடப்பக்கம் தோன்றியது. தென்பக்கம் மூன்றரை மணியைக் காட்டிவிட்டு மறைந்த நிழல், வடபக்கம் அதே மூன்றரையில் பிறந்தது. கைக்கடிகாரம் அப்போது 3:45 தாண்டியிருந்தது. அந்தக் கால்மணி வித்தியாசம் ஏன் என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு பெண் பிள்ளையே பதில் சொன்னாள்: "நம்ம ஊரு மேற்கால இருக்குது, அதான்."

திருத்தத்துக்கு மதிலில் ஒரு சின்னப் பட்டியலும் எழுதியிருக்கிறது. நிழல் காட்டும் மணியோடு ஜனவரி நடுவில் 23 நிமிடம், பிப்ரவரி நடுவில் 28, ஏப்ரல் நடுவில் 13 அல்லது 14, மே நடுவில் 10, ஜூலை கடைசியில் 20, அக்டோபர் தொடக்கத்தில் 3 கூட்ட வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் மட்டும் 3 நிமிடம் கழிக்க வேண்டும். பதின்மூன்றரை நிமிடத்தைக் கோடுகளிலேயே சேர்த்துக் கீறியிருக்கலாம், அப்படியும் வழக்கம் உண்டு. பள்ளிக்கு அது வேண்டாம் என்றேன். உச்சிவேளையில் நிழல் நேர் கீழே விழ வேண்டும். அந்த நேர்கோட்டைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரு குறை இருக்கிறது. ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டிய வாரங்களில், உச்சிவேளைக்கு முன்னும் பின்னும் வெயில் இரண்டு முகத்தையும் உரசியபடி நேர் கீழே இறங்குவதால் நிழல் மங்கலாகத் தெரியும். சரியாக அந்த நாட்களின் உச்சியில் எந்த முகத்திலும் படிக்க முடியாது. மதில் எதுவானாலும் இது தீராது. அந்த நிழலில்லா நாட்களுக்குத் திடல் நடுவில் ஒரு நேர்கோலை நட்டு, அதன் நிழல் காலடியில் மறைவதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் நாளில் பள்ளி இருக்குமோ இருக்காதோ, ஆகஸ்டு நாளில் மேகம் இல்லாவிட்டால் பார்த்துவிடலாம்.

பழைய பலகையைத் தூக்கிப் போடவில்லை. லண்டன் அட்சரேகையில் மணிக்கோடுகள் 9.5, 19.8, 31.9 என்று போவதையும் நம் மதிலில் 14.6, 29.4, 44.3 என்று போவதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, அறிவியல் ஆய்வகத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, அரக்கோணம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் செய்தாலும் அடிக்கு இரண்டே முக்கால் அங்குல வாட்டம் அப்படியே பொருந்தும்; திருப்பத்தூர் வரை தெற்கே போனாலும் அரை டிகிரிதான் மாறும். தீர்க்கரேகைத் திருத்தம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு: அரக்கோணத்துக்குப் பதினொன்றேகால் நிமிடம், திருப்பத்தூருக்குப் பதினைந்தே முக்கால். சுவரை மார்கழியில் தேர்ந்தெடுக்க வேண்டாம். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து எந்தத் தென்சுவரையும் அழகாகக் காட்டும். மே மாதம் ஒருமுறை, பிப்ரவரி கடைசியில் ஒருமுறை, உச்சிவேளையில் போய்ச் சுவரின் முன்னால் நின்று பார்த்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.